மழைக்காலத்தில் மண்ணை மூடுதல்: தக்காணத்து இயற்கை விவசாயத்தில் மூடுபயிர்கள்

ஜூன் மாத இறுதியில் சோலாப்பூர், விஜயபுரம் மாவட்டங்களின் வழியே செல்லும் வெளியூர்ப் பிரயாணி ஒருவர் அங்கு காணும் காட்சியைக் கண்டு வியப்படையக்கூடும். மழை தொடங்கிவிட்டது, நிலமோ ஆழமான, வளமான கரிசல். ஆயினும் வயல்களில் ஒரு பெரும் பகுதி பயிரின்றிக் கிடக்கும். களை முளைக்கும்தோறும் விவசாயி மாடு பூட்டி, கன்னடத்தில் குண்டே என்றும் தெலுங்கில் குண்டகா என்றும் வழங்கும் அகன்ற அலகுடைய கருவியை ஓட்டிக் களையை அறுத்து விடுவார். செப்டம்பர் மாத நடுவில்தான் விதைப்பு. மழைக்காலத்தில் சேர்ந்த ஈரத்தை நம்பிச் சோளமோ கொண்டைக்கடலையோ விதைத்துப் பனிக்காலத்தில் அறுவடை செய்வது அந்நாட்டின் நெடுங்கால வழக்கம். துவரைச் சாகுபடி பரவிய பின்னரும் இவ்வழக்கம் மறைந்துவிடவில்லை.

இவ்வழக்கம் சோம்பலினால் ஏற்பட்டதன்று. கரிசல் மண் காய்ந்தால் பாறைபோல் இறுகும். நனைந்தால் ஏரும் காலும் புதையும். பதமான ஈரம் வாய்க்கும் நாட்கள் சில. மேலும் அவ்வட்டாரத்தில் ஆண்டு மழை 600 முதல் 750 மில்லி மீட்டர் வரைதான். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழை இடையறுந்து போவது சாதாரணம். மழை மிகுதியாகப் பெய்யும் மாதம் செப்டம்பரே. முதற்பருவப் பயிரை நம்பி ஏமாறுவதைவிட ஈரத்தைச் சேமித்து வைத்துப் பின்பருவத்தில் உறுதியான ஒரு பயிர் எடுப்பது நன்று என்று முன்னோர் முடிவு செய்தனர். அம்முடிவில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குக் கொடுக்கப்படும் விலை என்ன என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளே அளந்து காட்டின.

ஐதராபாத்திற்கு அருகிலுள்ள பட்டான்செருவில் 1972 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம், 1976 முதல் அடுத்தடுத்துள்ள இரு கரிசல் நீர்ப்பிடிப் பகுதிகளில் நீண்டகாலச் சோதனை ஒன்றை நடத்தியது. ஒன்றில் மேற்கூறிய பழைய முறை: மழைக்காலத்தில் வெற்று நிலம், பின்பருவத்தில் ஒரு பயிர். மற்றொன்றில் அகன்ற மேட்டுப் பாத்திகளும் சால்களும் அமைத்து, மழைக்காலத்திலும் பயிர் நிற்குமாறு சோளம் அல்லது மக்காச்சோளத்துடன் துவரையோ, அதைத் தொடர்ந்து கொண்டைக்கடலையோ சாகுபடி செய்யப்பட்டது. பழைய முறையில் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரி 6.4 டன் மண் அடித்துச் செல்லப்பட்டது. புதிய முறையில் 1.5 டன். தானிய மகசூலோ முன்னதில் ஏறத்தாழ 1.1 டன், பின்னதில் 5.1 டன். இம்மகசூல் வித்தியாசம் முழுவதையும் நிலத்தை மூடியதன் கணக்கில் எழுதிவிடலாகாது; புதிய முறையில் ரசாயன உரமும் சீர்திருத்திய விதையும் பயன்பட்டன. மண் இழப்பு குறைந்தமைக்கும் மேட்டுப் பாத்திகள் ஓரளவு காரணம். ஆயினும் மழையின் கீழ் வெற்று நிலம் எவ்வளவு மண்ணை இழக்கிறது என்பதற்கு இந்த 6.4 டன் போதிய சான்றாகும்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லி மீட்டர் கனமுள்ள மண்படலத்தின் எடை ஏறத்தாழ 13 டன். ஆகவே 6.4 டன் என்பது அரை மில்லி மீட்டர் படலம். கண்ணுக்குத் தெரியாத அளவு. இக்காரணத்தாலேயே விவசாயி இதைப் பொருட்படுத்துவதில்லை. ஓடை அறுத்தால் ஊரே கூடிப் பார்க்கும். படலமாகப் போவதை எவரும் பார்ப்பதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் இது ஒன்றேகால் சென்டி மீட்டராகும். போவதும் மேல்மண்ணின் மிக நுண்ணிய பகுதியே. மட்கும் பயிருணவும் அதில்தான் செறிந்துள்ளன.

இயற்கை விவசாயம் மேற்கொள்வோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் கைவிட்டால் மண் தானே காப்பாற்றப்பட்டுவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மழைத்துளிக்கு அந்த வேறுபாடு தெரியாது. உண்மையில் அங்கக முறையில் களைக்கொல்லி கூடாதாகையால் களையை அடக்க ஏரும் குண்டேயுமே துணை. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மேல்மண் பொடியாகி அடுத்த மழைக்கு இரையாக ஆயத்தமாகிறது. தொழு உரத்தை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அதையே ஜூலை மழையில் ஓடைக்கு அனுப்பும் நிலங்கள் இல்லாமலில்லை.

துளியின் வேலை

பெரிய மழைத்துளி ஒன்று நிலத்தை நெருங்கும்போது அதன் வேகம் வினாடிக்கு 9 மீட்டர் வரை இருக்கும். வெற்று மண்ணில் அது மோதும்போது மண்கட்டி சிதறுகிறது. சிதறிய துகள்கள் அரை மீட்டருக்கு மேலும் எழும்புவதுண்டு. சுவரோரத்தில் மழைக்குப் பின் காணப்படும் செம்மண் கறை இதன் அடையாளமே. ஓடும் நீரைவிட விழும் துளியே மண்ணரிப்பைத் தொடங்கி வைக்கிறது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளரான எலிசன் 1940களில் செய்த சோதனைகள் விளக்கின. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்து, மேற்பரப்பில் மெழுகினாற்போன்ற ஓர் ஓடு உண்டாகிறது. அதன் பிறகு நீர் உள்ளே இறங்குவதில்லை. கரிசலில் இன்னொரு சங்கடமும் உண்டு. வெடிப்புகள் திறந்திருக்கும் வரை நீரை விரைந்து குடிக்கும் அம்மண், முழுதும் நனைந்து ஊதிய பின் மணிக்கு ஒரு மில்லி மீட்டர்கூட உள்ளே விடுவதில்லை. ஆதலால் பருவத்தின் பிற்பகுதியில் எந்த மூடுபயிர் இருந்தாலும் நீர் ஓடத்தான் செய்யும். தெளிந்த நீராக ஓடுகிறதா, மண் கலந்து ஓடுகிறதா என்பதே கேள்வி.

தரையில் பத்தில் மூன்று பங்கு இலையாலோ தாளாலோ மூடப்பட்டிருந்தாலே மண்ணரிப்பு பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. முழுப் போர்வை தேவையில்லை என்பது ஏழை விவசாயிக்கு நல்ல செய்தி.

எதை விதைப்பது

கரிசலுக்கு முதலிடம் பெறுவது சணப்பு. விதைத்த நான்கு வாரத்திற்குள் அது தரையை நிழலால் மூடிவிடும், களையையும் அமுக்கும். ஜூன் இறுதியில் முதல் நல்ல மழைக்குப் பின் ஹெக்டேருக்கு 40 முதல் 50 கிலோ விதையை நெருக்கமாக விதைக்க வேண்டும். விதைச் செலவைச் சுருக்க எண்ணிக் கலக்க விதைத்தால் செடிகள் கிளைத்துத் தடித்துப்போகும். இடையில் களை புகும். நல்ல மழை கிடைத்த நிலத்தில் 45 அல்லது 50 நாளில் ஹெக்டேருக்கு 15 டன் பச்சைத்தழையை எதிர்பார்க்கலாம். அதில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. எஞ்சிய 3 டன் உலர்தழையில் நூற்றுக்கு இரண்டரை வீதம் தழைச்சத்து இருப்பதாகக் கொண்டால் 75 கிலோ ஆகிறது. யூரியா இடாத நிலத்திற்கு இது சிறிய வரவன்று. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் இதில் பாதிகூடக் கிடைக்காது என்பதையும் ஊழியர்கள் விவசாயிக்கு முன்கூட்டியே கூறிவிட வேண்டும்.

சணப்பில் வரிவரியான கம்பளிப்புழு தோன்றி இலையையும் காயையும் தின்பதுண்டு. தழைக்காக வளர்ப்பதாயின் பெரும்பாலும் கவலை வேண்டியதில்லை. விதைக்கு விட்ட பாத்தியில் கவனம் தேவை.

தழையுரம் மட்டும் என்றால் சிறு விவசாயி தயங்குவார். ஒரு பருவத்து நிலத்தை உண்ண முடியாத ஒரு செடிக்குக் கொடுப்பது அவருக்கு எளிதன்று. அவருக்குப் பச்சைப்பயறு ஏற்றது. 60 அல்லது 65 நாளில் காய் பறித்துக்கொண்டு செடியை அப்படியே நிலத்தில் விட்டுவிடலாம். தட்டைப்பயறு படர்ந்து மூடுவதில் அதனினும் மேலானது, மாட்டுக்கும் ஆகும். நிலத்திற்குச் சேரும் தழைச்சத்து இவற்றில் குறைவுதான், ஏனெனில் காயோடு அது வீட்டுக்குப் போய்விடுகிறது. எனினும் மண்ணை மூடும் வேலை தடையின்றி நடக்கிறது. கொள்ளு மெதுவாகத்தான் மூடும். மேலோட்டமான, கல் மிகுந்த நிலங்களுக்கு அதை ஒதுக்கி வைக்கலாம். தக்கைப்பூண்டு நீர் தேங்கும் பள்ளங்களுக்கும் களர் நிலத்திற்கும் பொருந்தும்.

சணப்புடன் சிறிது கம்பைக் கலந்து விதைப்பதில் ஒரு நன்மை உண்டு. தக்காணத்து வெப்பத்தில் சணப்பின் இலை சில வாரங்களிலேயே மட்கி மறைந்துவிடும். கம்பின் தாளோ நெடுநாள் தரைமேல் கிடக்கும். ஒரு முறை மூடுபயிர் விதைத்ததும் மண்ணின் கரிமச் சத்து உயர்ந்துவிடும் என்று எவரேனும் வாக்களித்தால் அதை நம்ப வேண்டாம். வெப்ப நாட்டில் அது பல ஆண்டு வேலை.

எப்போது அறுப்பது

மூடுபயிரை எதிர்க்கும் விவசாயி முதலில் கேட்பது நீரைப் பற்றியே: “சோளத்திற்கு வைத்திருக்கும் ஈரத்தைச் சணப்பு குடித்துவிடாதா?” இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கும் ஊழியர் அந்த ஊரில் மீண்டும் செல்வாக்குப் பெறமாட்டார். சணப்பு நீரைக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் வெற்று நிலத்தில் பெய்யும் மழை முழுவதும் சேமிப்பாகிவிடுவதில்லை. ஒரு பங்கு ஓடுகிறது, ஒரு பங்கு வெயிலில் ஆவியாகிறது. ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கரிசல், பயிர் எடுக்கக்கூடிய நீராக 150 முதல் 200 மில்லி மீட்டர் வரை தாங்க வல்லது. ஆகஸ்ட் நடுவிலோ இறுதியிலோ பயிரை அறுத்துவிட்டால், செப்டம்பர் மழை அக்களஞ்சியத்தை மீண்டும் நிரப்ப அவகாசம் கிடைக்கிறது. அறுப்பதைச் செப்டம்பருக்குத் தள்ளுவோர் உண்மையிலேயே சோளத்தின் பங்கைக் கொள்ளையிடுகின்றனர்.

ஆகவே நாள் கணக்கைவிட வானத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் பதினைந்து நாள் தொடர்ந்து மழை இல்லாவிடில், சணப்பு முப்பது நாள் வளர்ந்திருந்தாலும் அறுத்துப் பரப்பிவிடுவதே அறிவுடைமை. தழை குறைந்தது என்று வருந்தவேண்டியதில்லை. பரப்பிய தழை ஆவியாதலைத் தடுக்கும்.

காலம் கடந்து அறுப்பதால் மற்றொரு கேடும் விளையும். பூத்த பின் சணப்பின் தண்டு நாராகி இறுகுகிறது. அத்தகைய தண்டு மண்ணில் மட்கும்போது, அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இளம் சோளம் வெளிறி நிற்கும். ரசாயன உரம் இடுபவர் ஒரு மூட்டை யூரியாவால் இக்குறையைச் சரிசெய்துகொள்வார். அங்கக முறைக்கு அவ்வழி இல்லை. முதற் பூ தோன்றும் தருணத்தில் அரிவாளை எடுப்பதே வழி.

அறுத்ததை உழுது புதைப்பதா, மேலே பரப்புவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழைய பசுந்தாள் உர நூல்கள் மடக்கி உழும்படி கூறும். நெல் வயலுக்கு அது பொருத்தம். தக்காணக் கரிசலில் ஆகஸ்டில் மடக்கி உழுதால் நிலம் மீண்டும் வெறுமையாகி, ஆண்டின் மிகப் பெருமழை மாதத்தை அந்நிலையிலேயே எதிர்கொள்ள நேரும். எந்தக் கேட்டைத் தவிர்க்க மூடுபயிர் விதைத்தோமோ அதையே நாமாக வரவழைத்தவர்கள் ஆவோம். மேலே பரப்பினால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றில் போய்விடும் என்பது மெய். என்றாலும் மண் நிற்கும். இரண்டுக்கும் நடுவழி ஒன்று உண்டு. சோள வரிசை வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சால் உழுது தழையைப் புதைத்து, இடைவெளியில் தழையை அப்படியே விட்டுவிடலாம். கூட்டுவிதைக் கருவியின் கொழுவில் நீண்ட தண்டு சிக்கிக்கொள்ளும்; ஆதலால் அறுக்கும்போதே துண்டுகளாக வெட்டிப் போடுவது நல்லது.

சணப்பு முளைத்து மூடும் வரையுள்ள முதல் நான்கு வாரங்களைப் பற்றியும் சொல்லவேண்டியுள்ளது. அக்காலத்தில் நிலத்தைக் காக்கவேண்டியது முன்பயிரின் தாள். ஆனால் சோளத்தட்டு அவ்வட்டாரத்தில் கால்நடைகளின் உயிர்நாடி. அதை நிலத்தில் விடும்படி எவரும் கேட்க முடியாது. பல ஊர்களில் பின்பருவச் சோளத்தை வேரோடு பிடுங்கும் வழக்கமும் உண்டு. அரைச் சாண் கட்டையை விட்டு அறுக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்ளலாம். அதனால் தட்டில் இழப்பு சிறிது. வேர் மண்ணைப் பிடித்துக் கிடக்கும்.

செம்மண் நிலத்தில்

கரிசலின் இக்கணக்கு செம்மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. அனந்தபுரம் மாவட்டத்தின் செம்மண் மணற்பாங்கானது. நீரைத் தாங்கி வைக்காது. மழை அடித்ததும் மேலே ஓடு கட்டும். ஆண்டு மழை ஏறத்தாழ 550 மில்லி மீட்டர். அங்கு நீண்டகாலமாக நிலக்கடலை ஒன்றே பயிர். ஈரத்தைச் சேமித்துப் பின்பருவத்தில் பயிரிடும் வழக்கம் அங்கு இல்லாதபடியால், நிலம் வெறுமையாகக் கிடக்கும் காலம் மழைக்கு முந்திய கோடை மாதங்களும் அறுவடைக்குப் பிந்திய மாதங்களுமே. ஆந்திரப் பிரதேச அரசு 2016 இல் தொடங்கிய இயற்கை விவசாயத் திட்டத்தில், 2018 இல் அனந்தபுரத்தில் ‘பருவமழைக்கு முந்திய உலர்விதைப்பு’ என்னும் முறை கையாளப்பட்டுப் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. தானியம், பயறு, எண்ணெய்வித்து, கீரை எனப் பலவகை விதைகளைக் களிமண்ணும் சாணக் கலவையும் பூசி உருட்டி, கோடையிலேயே உலர்ந்த நிலத்தில் விதைத்துவிடுகின்றனர். பூச்சு எறும்பிலிருந்தும் பறவையிலிருந்தும் விதையைக் காக்கிறது; கோடைமழை ஒன்று வந்ததும் விதை முளைக்கிறது. நிலக்கடலை விதைக்கும் காலத்திற்குள் தரைமேல் ஒரு பச்சைப் படலம் உண்டாகிவிடும். காற்றிலுள்ள ஈரமே பயிரை வளர்த்துவிடும் என்று கூறுவோர் உளர். அதை அப்படியே ஏற்பதற்கில்லை. கோடைமழை தவறிய இடத்தில் விதை காத்துக் கிடக்கும் என்றளவில் கொள்வதே பாதுகாப்பு.

இம்முறைக்கு வரும் பெரிய தடை வானத்திலிருந்து வருவதன்று. கோடையில் ஊரின் ஆடுமாடுகள் எல்லா நிலத்திலும் தடையின்றி மேய்வது வழக்கம். சுற்றிலும் வறண்ட நிலம் கிடக்க, நடுவே ஒரு துண்டு மட்டும் பச்சையாயிருந்தால் ஒரே நாளில் அது மொட்டையாகிவிடும். இதில் தனி விவசாயியின் விருப்பம் பயன்படாது. ஆடு வளர்ப்போரும் கூடிய ஊர்க்கூட்டத்தில், எந்தப் பக்கத்து நிலங்களில் எந்தத் தேதி வரை மேய்ச்சல் இல்லை என்று முடிவு செய்து, அவர்களுக்கு மாற்று மேய்ச்சலும் குறிக்க வேண்டும். நிலமற்ற ஆட்டுக்காரரின் வயிற்றில் அடித்து மண்ணைக் காக்கும் திட்டம் நெடுநாள் நிற்காது.

செம்மண்ணில் கரையான் தொல்லையும் உண்டு. பரப்பிய உலர்தாளை அது சில வாரங்களில் தின்றுவிடும். ஆகையால் அங்கு உலர்தாளைவிட உயிருள்ள மூடுபயிரை நம்புவதே மேல்.

தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரக் கரிசல் நிலங்களில் பணிபுரிவோர் மேலே கண்ட மாதங்களை அப்படியே பின்பற்றலாகாது. அங்கு பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது; முக்கியப் பயிரும் அப்போதே நிற்கிறது. அங்கு மூடவேண்டியது பயிர் வரிசைகளின் இடைவெளியையும், பயிர் எழும்பும் வரையுள்ள முதல் வாரங்களையும்தான். அதற்கு அகன்ற வரிசைகளின் இடையே ஊடுபயிராக வரும் பயறு வகைகளே பொருத்தம்.

அளந்து பார்த்தல்

நிலம் எவ்வளவு மூடப்பட்டுள்ளது என்பதைக் கண்மதிப்பாகச் சொன்னால் பெரும்பாலும் மிகையாகவே அமையும். எளிய அளவுமுறை ஒன்று உண்டு. ஒரு நீண்ட கயிற்றில் சம இடைவெளியில் நூறு முடிச்சுகள் போட வேண்டும். அதை வரிசைகளுக்குக் குறுக்காக, மூலைவாட்டில் இழுத்துப் பிடித்து, எத்தனை முடிச்சுகளின் நேர்கீழே இலையோ தாளோ உள்ளது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையே நூற்றுவீதம். ஒரு வயலில் மூன்று இடங்களில் எண்ணிச் சராசரி காணலாம். முப்பதுக்குக் கீழே உள்ள வயல் பெயருக்கு மட்டுமே மூடப்பட்டதாகும்.

பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு தகரத்தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒன்றின் மேல் கையளவு வைக்கோலைப் பரப்பி, இரண்டையும் ஒரே சரிவில் சாய்த்து வைக்கவும். தட்டின் கீழ்முனையில் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று. பூவாளியால் ஒரே உயரத்திலிருந்து ஒரே அளவு நீரைப் பொழியவும். பாத்திரங்களை மறுநாள் வரை அசைக்காமல் வைத்து, அடியில் படிந்த மண்ணின் கனத்தை அளவுகோலால் அளக்கும்படி மாணவரிடம் கூறலாம். மாணவர் அப்பாத்திரங்களை வீட்டாருக்கும் காட்ட விரும்புவர்; தடுக்க வேண்டாம்.

எஞ்சியிருப்பது விதை. அங்கக முறைச் சான்று பெற்றவர்களும் பெற விரும்புவோரும் ரசாயன மருந்து தடவிய விதையை வாங்கலாகாது. 2001 இல் நடைமுறைக்கு வந்த தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி மாறுதல் காலத்தில் இருப்போரும் இதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். சந்தையிலோ, மழை பெய்த மறுநாள் எல்லோரும் கேட்கும்போது சணப்பு விதை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை ஏறிவிடும். ஆதலால் வயலின் ஒரு மூலையில், வரப்போரமாக, சணப்பை அறுக்காமல் விதைக்கு விட்டுவைக்க வேண்டும். விதை முற்ற நான்கு, ஐந்து மாதங்கள் ஆகும். காய் குலுக்கினால் சலசலக்கும் பருவத்தில் பறித்து, நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து பானையிலிட்டு மூடி வைக்கலாம். ஊர் ஊழியர் ஏப்ரல் மாதத்திலேயே எந்த வீட்டில் எத்தனை கிலோ இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, இல்லாதவர்களுக்கு அவ்வீடுகளைக் காட்டிவிட வேண்டும்.